ஊரப்பாக்கத்தில் ஒரு கருவிப்பெட்டி

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, சேலைகளுக்கு அடியிலிருந்து பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றை உருவி எடுத்தார். மேசைமேல் விரித்தார். நீளமாகவும் குட்டையாகவும் பட்டையாகவும் பென்சிலால் வரைந்த உருவங்கள் ஏழெட்டுத் தாள்களுக்கு இருந்தன.

"என்னம்மா, ரவிக்கை அளவா?" என்றார்.

"இல்லை சார், உளி அளவு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடி, கையில் விமானத்தில் தந்த மிச்ச ரொட்டி. இந்த அம்மாளுக்கும் உளிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்டால் பேசிக்கொண்டே இருப்பேன் என்று தோன்றியதோ என்னவோ, பெட்டியை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நான் மலேசியாவில் ஈப்போக்காரி. என் வீட்டுக்காரர் முருகையா அங்கே ஒரு தொழிற்பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நாற்காலி, ஸ்டூல், பேத்திக்குத் தொட்டில் என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார். எல்லாம் கையால்தான். மின்சார ரம்பத்தைக் கொட்டகைக்குள் விடமாட்டார். கேட்டால், மரம் கத்துவதைக் கேட்க முடியவில்லை என்பார்.

போன வருடம் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. வலது கை தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. பதினான்கு மாதமாக அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பினாங்குல ஒருத்தன் கேக்குறான். மேசை, சாமான் எல்லாத்தையும் ஏத்திவிட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். லாரி வரும் நாளும் முடிவாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதே வாரம் தாம்பரத்திலிருந்து என் சித்தி மகள் விமலா, சேலையூரில் வாங்கிய புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டாள். கூடவே, கீழ்வீட்டு வங்கி அதிகாரி சனிக்கிழமைகளில் மரவேலை செய்கிறார் என்று ஒரு படமும் அனுப்பினாள். படத்தில் ஒரு கருவிப்பெட்டி இருந்தது. உள்ளே ஒவ்வொரு உளிக்கும் ஒரு பள்ளம், ரம்பத்துக்கு ஒரு சந்து, இழைப்புளிக்கு ஒரு அறை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் வேண்டியது கைக்கு வந்துவிடும் என்று அந்த அதிகாரி சொன்னாராம்.

அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். இவருடைய சாமான்கள் சுவர் முழுக்க ஆணியில் உயரத்தில் மாட்டியிருக்கும். எல்லாம் இடது கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மனுஷன் மறுபடி தொடுவார் என்று எனக்கு ஒரு கணக்கு. அவர் மதியம் தூங்கும்போது கொட்டகைக்குள் போய், ஒவ்வொன்றையும் பழுப்புக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்தேன். அவரிடம் பால் காய்ச்சப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை பால் பொங்கியது. விமலா பள்ளிக்கூட ஆசிரியை. வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய சக ஆசிரியைகள். வாழை இலையில் வைத்த பொங்கலும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் பரீட்சைத் தாள் திருத்துவதைப் பற்றியே பேசினார்கள். வடகறியை நான் மூன்று தடவை வாங்கினேன். ஈப்போவில் எங்கள் தெருக் கடையில் காலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் கிடைக்கும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வடகறி என்று ஒன்று இருப்பதை ஐம்பத்தெட்டு வயது வரை எனக்கு யாரும் சொல்லாதது பெரிய அநியாயம்.

வியாழக்கிழமை காலை தனியாகக் கிளம்பினேன். அந்த வங்கி அதிகாரிக்குப் பெட்டி செய்துகொடுத்த ஏழுமலையின் பட்டறை ஊரப்பாக்கத்தில். தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேறினால் நாலு ஸ்டேஷன்தான் என்று விமலா சொல்லியிருந்தாள். எங்கள் ஈப்போ ஸ்டேஷன் வெள்ளை வெளேர் என்று அரண்மனை மாதிரி இருக்கும், உள்ளே புறாவும் காவலாளியும்தான் இருப்பார்கள். தாம்பரத்தில் கட்டடமே கண்ணில் படவில்லை. மனிதர்கள்தான் தெரிந்தார்கள். அவர்கள் ஓடினார்கள், நானும் ஓடினேன். அவர்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன்.

பெண்கள் பெட்டியில் ஒரு அம்மாள் மடியில் பையை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஊரப்பாக்கம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ, இது பீச் போற வண்டி. எதிர்ல போய்கினு ஊரப்பாக்கம் கேக்குறே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "தோ, சானடோரியம் வருது. எறங்கி அந்தாண்ட பிளாட்பாரம் போ. பதறாத" என்றார். இறங்கும்போது கையில் நாலு பல் பூண்டைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. நல்ல பூண்டு.

ஒருவழியாக ஊரப்பாக்கம் சேர்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கக் கால் மணி நேரம் நின்று, கடைசியில் ஒரு எருமையின் பின்னால் நடந்து கடந்தேன். எருமைக்கு மட்டும் எல்லாரும் வண்டியை நிறுத்தினார்கள்.

பிளைவுட் கடை ஒன்றின் கிடங்குக்குப் பின்னால் பட்டறை இருந்தது. மேலே சிமெண்ட் ஷீட், கீழே வழவழவென்று சிமெண்ட் தரை. ஓரத்தில் வடநாட்டு இளைஞர்கள் இரண்டு பேர் ஒரு கட்டிலுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சாக்கு விரித்து ஏழுமலை உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, காதில் பென்சில். முன்னால் கிடந்த பலகையை இரண்டு பாதங்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் தோன்றியது பரிதாபம்தான். இவ்வளவு வேலை வருகிற ஆள், ஒரு மேசை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் மேசையில் மரத்தை இறுக்கிப் பிடிக்க இரும்புக் கிடுக்கி உண்டு. நின்றுகொண்டு கௌரவமாகச் செய்வார். ஆசிரியர் பெண்டாட்டிப் புத்தி, வேறென்ன சொல்ல.

ஏழுமலை தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தார். அவருடைய முகமே மாறிவிட்டது. ஒவ்வொரு உருவத்தின் மேலும் விரலை வைத்து, "இது அரை இஞ்ச்… இது மூலைக்குப் போறது… தே, இன்னா இழைப்புளி அக்கா இது! வச்சிருக்கறவரு விஷயம் தெரிஞ்சவரு" என்றார்.

"ரெண்டு கேள்வி அக்கா. அத்த கேக்காம நான் பெட்டியே செய்யறதில்ல. நின்னு செய்யறவரா, குந்திகினு செய்யறவரா?"

"நின்னுதான்."

"வலங்கையா, இடங்கையா?"

இங்கேதான் நான் சறுக்கினேன். ஈப்போவில் பதினான்கு மாதமாக "ஐயோ பாவம்" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. இவர் வாயிலிருந்தும் அது வர வேண்டாம் என்று நினைத்தேன்.

"இடங்கை. பிறவியிலயே" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். கோயம்புத்தூர் ஆள் ஒருவருக்காகப் பாதி முடித்த பெட்டி இருப்பதாகவும், அவருக்கு அவசரம் இல்லை என்றும், அதையே இந்த அளவுக்கு மாற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் தந்துவிடுவதாகவும் சொன்னார். பழைய வீட்டு நிலைவாசலை அறுத்து எடுத்த தேக்கு. ஆணி, பசை எதுவும் இல்லை, எல்லாம் கோத்து ஆப்பு வைத்தது. கழற்றினால் பலகை பலகையாக சூட்கேஸில் போய்விடும். "அங்க போய் அவரே கோத்துடுவாரு. அவருக்கு இன்னா கஷ்டம்?" என்றார். நான் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விமலாவும் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். பெட்டிக்கு உருவம் வந்திருந்தது. இடுப்பு உயரத்துக்கு நாலு கால், அதன் மேல் பெட்டி, மேலே கனமான மூடி. உள்ளே இடது பக்கம் முழுக்க உளிகளுக்கான பள்ளங்கள். ஒரு பள்ளத்தில் ஏழுமலை தன் சொந்த உளி ஒன்றை வைத்துக் காட்டினார், அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், உளியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாலிஷ் போடுகிறவர்களில் ஒருவர் இந்தியில் ஏதோ சொல்ல மற்றவர் சிரித்தார். என்னவென்று விமலாவைக் கேட்டேன். "பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி பார்க்கிறார்கள், பாடச் சொல்வார்கள் போல இருக்கிறது என்கிறான்" என்று மொழிபெயர்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மூடியத் தூக்குறப்பவும் ஒத்தக் கை. உளி எடுக்குறப்பவும் ஒத்தக் கை. சோத்துக் கைய முதுகுக்குப் பின்னால வச்சிகினே கீறீங்க. இன்னா விஷயம்?"

எனக்கே தெரியாமல் அப்படிச் செய்திருக்கிறேன். வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் மாதிரி நின்று பெட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இனி மறைத்து என்ன செய்ய? விபத்து, நரம்பு, பினாங்கு லாரி எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட நான் போனால்கூட அவர் என் கையைத் தட்டிவிடுவதையும், பனியனுக்கே மாறிவிட்டதையும், எதற்கும் யாரையும் கூப்பிடாமல் இருப்பதையும் சொன்னேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

ஏழுமலை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயோ பாவம்" சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து, "காலு நல்லா கீதா?" என்றார்.

"என்ன?"

"அவரு காலுதான் அக்கா. ரெண்டு காலும் நல்லா கீதா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கை போன மனிதரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன், கால் போகவில்லையா என்று கேட்கிறாரே! "காலாவது நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டேன். பின்னாலிருந்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தாம்பரத்தில் இறங்கி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் விமலா வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். இங்கே டீ இரண்டு மடக்கில் தீர்ந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் காப்பி ஒரு குவளை, அரை மணி நேரம் வைத்துக்கொண்டு கோபப்படலாம்.

"அவர் தப்பா ஒண்ணும் கேட்கலக்கா" என்றாள் விமலா. "அவர் எதால மரத்தைப் பிடிக்கிறார்னு நீ பார்த்தியா இல்லையா?"

பார்த்திருந்தேன். பரிதாபப்பட்டுக்கொண்டு பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விமலாவின் சப்பாத்திப் பலகையை எடுத்துக்கொண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அதை இரண்டு பாதத்துக்கும் நடுவில் நிறுத்தி, கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டேன். வலது கையைச் சேலைக்குள் செருகிவிட்டு இடது கையில் அரிவாள்மனைக்குப் பதிலாக வைத்திருந்த பெரிய கத்தியை எடுத்து ஓரத்தைச் சீவினேன். பலகை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சீவினேன். சுருளாக ஒரு சீவல் வந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து விமலாவின் கணவர் ஆபீசிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்று, "விமலா, அக்கா ஏன் நம்ம சப்பாத்திப் பலகையைச் சீவுறாங்க?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறார். நான் அந்தச் சீவலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், அதனால் அவர்மேல் தப்பில்லை.

பிறகு ஈப்போவிலிருந்து போன் வந்தது.

"கமலா, கொட்டகை சாவி எங்க வச்ச? ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கு லாரி வருது."

"அடுப்படி ஆணியில இருக்கு."

"எல்லாத்தையும் அவனே ஏத்திக்குவான். நான் உள்ள போக வேண்டியதில்ல" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டாராம்.

சனிக்கிழமை காலை நான் போனபோது ஏழுமலை பெட்டிக்கு முன்னால் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கோவமாக்கா?"

"கோவம் போயிடுச்சு தம்பி. அறிவு இப்பதான் வந்திருக்கு."

"அய்ய, இன்னாக்கா நீங்க" என்று சிரித்தார். "நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேன். அதான் கால அறுக்கல."

"எந்தக் காலை?"

"பெட்டிக் காலத்தான். இது நின்னு செய்யறவருக்குச் செஞ்சது. அவரு தரையில குந்தணும். குந்தினா கை எட்டுற ஒசரத்துல பெட்டி வேணும். மூடியும் வேணாம், அத்தத் தூக்கறதே ஒரு வேல. பக்கத்துல தொறந்து வுட்டா போதும்."

இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, செய்யப் போகிறவர் பார்க்க வேண்டும் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பால் காய்ச்சப் போனவள் பட்டறையில் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் ஈப்போவுக்குப் படத்தோடு பேசும் அழைப்பைப் போட்டேன். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முகம் கறுத்தது. "உன்ன யாரு கேட்டா? என் சாமானத் தொட்டு வரஞ்சியா? எனக்குத் தெரியாம?" என்றார். அவர் கேட்டது எல்லாமே சரிதான்.

ஏழுமலை என் கையிலிருந்து போனை வாங்கி ஒரு மரக்கட்டையில் சாய்த்து வைத்தார். "சார், வணக்கம். ஒரு நிமிசம் பாருங்க, அப்பால திட்டுங்க" என்றார். தன் துண்டை என்னிடம் கொடுத்து வலது கையை முதுகோடு கட்டச் சொன்னார். கட்டினேன். சாக்கில் உட்கார்ந்து, ஒரு தேக்குத் துண்டைப் பாதங்களுக்கு நடுவில் வைத்து, இடது கையால் ரம்பத்தை எடுத்தார்.

முதல் இழுப்பில் ரம்பம் நழுவியது. அவருக்கு இடது கை பழக்கமில்லை. மறுபடி வைத்தார். குதிகாலால் ஒரு பக்கம் அழுத்தி, மறு பாதத்தின் விரல்களால் மரத்தை வளைத்துப் பிடித்தார். மெதுவாக அறுபட்டது. கோடு கொஞ்சம் கோணியது, ஆனால் அறுபட்டது. பிறகு தரையில் ஒரு சட்டத்தைத் தடுப்பாக வைத்து, மரத்தை அதில் முட்டக் கொடுத்து, காலால் அழுத்திக்கொண்டு சின்ன இழைப்புளியைத் தள்ளினார். பாலிஷ்காரர்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

போனை என் வீட்டுக்காரர் துண்டிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பொய் சொல்லக் கூடாது" என்றார் ஏழுமலை, மூச்சு வாங்கிக்கொண்டு. "அறுக்கலாம், இழைக்கலாம். உளி அடிக்கத்தான் வழி இல்ல. ஒரு கை உளிக்கு, ஒரு கை சுத்திக்கு. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். பேஜாரா கீது."

ஈப்போவிலிருந்து ஒரு குரல், நான் பதினான்கு மாதமாகக் கேட்காத குரல், வகுப்பில் பையனைத் திருத்தும் குரல், வந்தது.

"எதுக்கு அடிக்கணும்? தள்ளுனா போதாதா?"

"கையால தள்ளுனா பலம் பத்தாது சார்."

"கையால யாரு தள்ளச் சொன்னா? தோள்ல வச்சுத் தள்ளு. உடம்பே போகும் லா. ஆழமா எடுக்காத, தாள் மாதிரி எடு." எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் "லா"வும் கூடவே வந்தது.

ஏழுமலை உளியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். பிடி எட்டவில்லை. குனிந்தால் முகம் மரத்தில் இடித்தது. "பிடி நீட்டமா வேணும் சார். ஒன்றரை அடியாவது."

"ஒன்றரை பத்தாது. ரெண்டு" என்றார் அவர்.

"போட்டுடலாம் சார். பெட்டியில அதுக்கு ஒரு நீட்ட அறையும் போடணும்."

"ம்" என்றார். அப்புறம் திடீரென்று, நாங்கள் எதிரே இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஏழுமலை தன் கையைக் கட்டிய துண்டை அவிழ்த்துவிடச் சொல்லி, பெட்டியின் நாலு கால்களையும் அறுக்க ஆரம்பித்தார். நாளைக்கு லாரி வருகிறதே, இது ஆகிற காரியமா என்று கேட்டேன். "அது அவரு பாடு. நம்ம பாடு பெட்டி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். ஈப்போவில் பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்பதரை. விமலா கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரிக்கவே இல்லை. பெட்டி முடிந்திருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை, மூடியும் இல்லை, ஒரு பக்கம் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு நீண்ட அறை, அதில் இரண்டு அடிப் பிடி போட்ட உளி ஒன்று. ஏழுமலையின் சொந்த உளியில் போட்டுக் கொடுத்தது. ஏன் தம்பி என்றால், அளவு பார்க்கத்தான் என்றார். நான் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எல்லாம் எட்டியது.

ஒன்பதரை ஆயிற்று. பத்தும் ஆயிற்று. ஏழுமலை ஆப்புகளைத் தட்டித் தட்டிக் கழற்றி, ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருந்தார். சாமான் இல்லாத மனிதருக்குப் பெட்டியைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று நினைத்தபடி பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிடவும் கை வரவில்லை. பத்தே காலுக்கு அவரே கூப்பிட்டார்.

"லாரி வந்துட்டுப் போயிடுச்சு" என்றார்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேசைய ஏத்திவிட்டேன். கிடுக்கியோட. நல்ல மேசை, அவன் நல்லா வச்சுக்குவான்."

"உளி? இழைப்புளி?"

"அது எதுக்கு அவனுக்கு?" என்றார் கோபமாக. "கொட்டகையில மேசை இருந்த எடம் இப்பக் காலியா கிடக்கு. கூட்டி, தண்ணி ஊத்திக் கழுவிவிட்டேன். தரை நல்லாத்தான் இருக்கு."

ஏழுமலையைப் பார்த்துத் தலையாட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இருக்கியா? அந்தத் தம்பி பக்கத்துல இருக்காரா?" என்றது போன். "ஒண்ணு கேட்டுச் சொல்லு. காலால பிடிக்கறப்ப நகம் இடிக்குது. நேத்து ராத்திரி ஒரு கட்டைய வச்சுப் பாத்தேன், வழுக்குது. அவரு நகம் எவ்வளவு விடுறாருன்னு கேளு."

கேட்டேன். "ஒட்ட வெட்டச் சொல்லுக்கா" என்றார் ஏழுமலை, திரும்பாமலே. "சதை மரத்துல படணும்."

அப்படியே சொன்னேன்.

"ஒட்டவா?" என்றார். "ஒத்தக் கையால நான் எப்படி லா வெட்டுவேன்? நீ வந்து வெட்டிவிடு."

பதினான்கு மாதமாக அவர் கால் நகத்தை இடது கையாலேயே வெட்டிக்கொண்டிருக்கிறார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வந்து வெட்டிவிடுறேன்" என்றேன்.